ஊர்வலத்தில் கூடவே நடந்த சீனியர்... 22 மாணவிகளும் மேரி சர்ச் டெரலும்!

காலேஜ் முடிச்சதும் உங்க கேங்கோட வாட்ஸ்அப் குரூப் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முதல் ஆறு மாசம் நிக்காம டிங் டிங்னு சத்தம் கேட்கும். அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும். அதுக்கப்புறம் கல்யாணப் பத்திரிகை. ஒருகட்டத்துல யாரோ ஒருத்தர் அனுப்புற குட்மார்னிங் படத்தோட குரூப் அமைதியாகிடும்.

1913-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் 22 கல்லூரி மாணவிகள் ஒரு கேங் ஆரம்பித்தார்கள். கையில் போன் கிடையாது. ஓட்டுரிமை கிடையாது. கறுப்பினப் பெண்கள் என்பதால் நகரத்தின் பல ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட இடமும் கிடையாது. ஆனால், அந்த கேங் நூறு வருஷம் தாண்டி இன்னிக்கும் இருக்கு. மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதுவரை அதில் சேர்ந்திருக்காங்க. அதன் பெயர் டெல்டா சிக்மா தீட்டா.

அந்த 22 பேரும் முதன்முதலாகத் தெருவில் இறங்கிய நாளில், அவர்களோடு ஒரு சீனியர் நடந்தார். வயது 49. ஒரு நீதிபதியின் மனைவி. பெரும் பணக்காரரின் மகள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் தெரியும். அன்றைக்கு அவர் வீட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா, அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் பெயர் மேரி சர்ச் டெரல். உங்க ஹிஸ்டரி புக்ல இந்தப் பெயர் வந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால என்ன, இப்போ தெரிஞ்சுக்குவோம்!

சொராரிட்டின்னா என்னங்க?

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீங்க. பெரிய வீடு, ஒரே கலர் டி-ஷர்ட், வாசலில் கிரேக்க எழுத்துகள், உள்ளே பார்ட்டி. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சேர்ந்து நடத்தும் அந்த அமைப்புக்குத்தான் சொராரிட்டின்னு பேர். சகோதரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த வார்த்தை. ஆண்கள் நடத்தினால் ஃபிரட்டர்னிட்டி. நம்ம ஊர் ஹாஸ்டல், என்.எஸ்.எஸ் கேம்ப், பழைய மாணவர் சங்கம் மூணையும் கலந்து கற்பனை பண்ணிக்கோங்க. படிப்பு முடிஞ்சாலும் உறுப்பினர் பதவி முடியாது, ஆயுசுக்கும் தொடரும்.

ஆனால் ஒரு விஷயம். வெள்ளையின மாணவிகள் நடத்திய சொராரிட்டிகளில் கறுப்பின மாணவிகளுக்குக் கதவு திறக்கவில்லை. சரி, நமக்கு நாமே கட்டிக்குவோம்னு கிளம்பினாங்க. 1908 ஜனவரியில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் - ஹார்வர்ட் இல்லைங்க, வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படித்த ஹோவர்ட் - ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சொராரிட்டி அதுதான். இந்தப் பெயர் உங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தா, காரணம் கமலா ஹாரிஸ். துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் ஹோவர்டில் படிச்சப்போ சேர்ந்தது இந்த சொராரிட்டியில்தான்.

அந்த அமைப்பிலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான் நம்ம 22 பேர். எதுக்குப் பிரிஞ்சாங்க என்பதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்த சீனியரோட கதைக்கு வருவோம்.

அடிமைகளாகப் பிறந்தவர்களின் மகள்

மேரி பிறந்தது 1863-ல், டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில். அப்பா ராபர்ட் சர்ச், அம்மா லூயிசா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமை முறை ஒழிந்தபின் அம்மா கூந்தல் அலங்காரக் கடை வைத்து நன்றாகச் சம்பாதித்தார். அப்பா மதுக்கடை நடத்தினார்.

மேரிக்கு மூணு வயசுகூட ஆகாத 1866-ல் மெம்ஃபிஸில் பெரும் கலவரம் வெடித்தது. கறுப்பின மக்கள் 46 பேர் கொல்லப்பட்டார்கள். அப்பாவை அவருடைய கடையிலேயே சுட்டுவிட்டு, செத்துட்டார்னு நினைச்சு விட்டுட்டுப் போனாங்க. அவர் பிழைத்துக்கொண்டார். ஊரைவிட்டும் போகவில்லை. பிறகு மஞ்சள் காய்ச்சல் பரவி ஊரே காலியானபோது, மத்தவங்க அடிமாட்டு விலைக்கு விற்ற நிலங்களை வாங்கிப்போட்டார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் மிகப்பெரிய கறுப்பினப் பணக்காரர்களில் ஒருவரானார்.

இதற்கிடையே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். மெம்ஃபிஸில் நல்ல பள்ளி இல்லை என்பதால், சின்னப்பெண்ணான மேரியை ரயிலேற்றி வடக்கே ஒஹாயோ மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே படித்து, ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்தார் மேரி.

ஓபர்லினில் அப்போது பெண்களுக்கு என்றே ரெண்டு வருஷப் படிப்பு ஒன்று இருந்தது. நாலு வருஷ கிளாசிக்கல் படிப்பு என்பது ஆண்கள் படிப்பது என்றுதான் பெயர். மேரி அந்த நாலு வருஷத்தைத்தான் எடுத்தார். கிரேக்கம் எல்லாம் படிச்ச பொண்ணை எவன் கட்டுவான்னு தோழிகள் கவலைப்பட்டார்கள். எங்கேயோ கேட்ட டயலாக்கா இருக்கா? எம்.ஈ, பிஹெச்.டி-னு கிளம்புற பொண்ணுகிட்ட நம்ம ஊர்ச் சொந்தக்காரங்க கேட்கிற அதே கேள்விதான்!

1884-ல் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் தலைமுறைக் கறுப்பினப் பெண்களில் ஒருவர். இப்போ அப்பா வீட்டில் ராணி மாதிரி இருக்கலாம். அப்பாவுடைய ஆசையும் அதுதான். மகள் வேலைக்குப் போவது தன் அந்தஸ்துக்குக் குறைச்சல் என்று நினைத்தார். மேரியோ டீச்சர் வேலைக்குக் கிளம்பினார். கோபத்தில் அப்பா கொஞ்சக் காலம் மகளுக்குக் கடிதமே எழுதவில்லை.

அப்புறம் அப்பாவே சமாதானமாகி, ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். ரெண்டு வருஷம் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி. போன இடத்தில் யாரும் நிறத்தைச் சொல்லி நிறுத்தவில்லை. நாடகம், இசை, அருங்காட்சியகம்னு நிம்மதியான வாழ்க்கை. அங்கேயே தங்கியிருக்கலாம். தன் மக்களுக்குத் தன்னால் ஆக வேண்டியது ஊரில் இருக்கு என்று திரும்பி வந்தார்.

சந்தோஷத்தில் விழுந்த இடி

1891-ல் ராபர்ட் டெரலைத் திருமணம் செய்தார். ஹார்வர்டில் படித்தவர், வாஷிங்டன் பள்ளியில் மேரியோடு வேலை பார்த்தவர். கிரேக்கம் படிச்ச பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு! ஆனால் கல்யாணமான பெண் ஆசிரியராக இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. வேலை போனது.

அடுத்த வருஷமே மெம்ஃபிஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. சின்ன வயசுத் தோழர் தாமஸ் மாஸை வெள்ளையர் கும்பல் கொன்றுவிட்டது. அவர் செய்த குற்றம்? நண்பர்களோடு சேர்ந்து மளிகைக்கடை வைத்து, எதிர்க்கடை வெள்ளைக்காரரின் வியாபாரத்துக்குப் போட்டியாக வளர்ந்தது. அப்போது மேரி கர்ப்பிணி. ஃபிரெட்ரிக் டக்ளஸ் என்ற மூத்த தலைவருடன் அதிபர் பெஞ்சமின் ஹாரிசனைச் சந்தித்து, இந்தக் கும்பல் கொலைகளுக்கு எதிராகப் பேசும்படி முறையிட்டார். அதிபர் கேட்டுக்கொண்டார், செயலில் எதுவும் வரவில்லை.

அந்த வருடங்களில் மேரி மூன்று குழந்தைகளை இழந்தார். பிறந்த சில நாட்களிலேயே ஒவ்வொன்றாகப் போயின. கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் சரியான இன்குபேட்டர் இருந்திருந்தால் ஒரு குழந்தையாவது பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அவரை ரொம்பக் காலம் அரித்தது. 1898-ல் மகள் ஃபிலிஸ் பிறந்தபோது, அதற்காகவே நியூயார்க்கில் இருந்த அம்மாவிடம் போயிருந்தார்.

பணம் இருந்தும், படிப்பு இருந்தும், நிறம் வந்து நிற்கிற இடத்தில் ரெண்டும் உதவவில்லை. இதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, தொட்டிலில் பார்த்தார்.

அதுக்கப்புறம் அவர் நிற்கவில்லை. 1895-ல் வாஷிங்டன் கல்வி வாரிய உறுப்பினர். 1896-ல் கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து தேசிய அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவர். தான் மட்டும் மேலே ஏறினால் போதாது, ஏறும்போதே அடுத்தவரையும் கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பின் கொள்கை. வேலைக்குப் போகும் அம்மாக்களுக்காகக் குழந்தைகள் காப்பகம், மழலையர் பள்ளி என்று அந்தச் சங்கங்கள் வேலை செய்தன.

1904-ல் பெர்லினில் உலகப் பெண்கள் மாநாடு. ஆங்கிலப் பேச்சாகக் கேட்டுச் சலித்துப்போயிருந்த ஜெர்மன் பெண்கள் முன்னால், தன் உரையை ஜெர்மன் மொழியில் மாற்றிப் பேசி அசத்தினார் மேரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் கறுப்பினப் பெண் எங்கேன்னு தேடியவர்கள், அவர் பக்கத்திலேயே இருந்தும் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு வெளிர் நிறம். நினைச்சிருந்தா வெள்ளைக்காரின்னு சொல்லிக்கிட்டே வாழ்ந்திருக்கலாம்.

22 பேரின் முதல் அடி

இப்போ ஹோவர்டுக்குத் திரும்புவோம். 1912-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் இருந்த 22 மாணவிகளுக்கு ஒரு மனக்குறை. நட்பு இருக்கு, நல்ல மார்க் இருக்கு, விழா இருக்கு. வெளியே எரிந்துகொண்டிருக்கும் பிரச்னைகளில் நமக்கு வேலை இல்லையா? பெயரை மாற்றணும், அமைப்பை நாடு முழுக்கக் கொண்டுபோகணும், பொதுப்பிரச்னைகளில் குரல் கொடுக்கணும் என்றார்கள். பழைய உறுப்பினர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டிய வீட்டை எதுக்கு இடிக்கணும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. ரெண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. 1913 ஜனவரி 13-ம் தேதி 22 பேரும் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள்.

ஏழே வாரத்தில் பரீட்சை வந்தது. புது அதிபர் உட்ரோ வில்சன் பதவியேற்கும் நாளுக்கு முந்தைய நாள், மார்ச் 3. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் பிரமாண்ட ஊர்வலம். ஆயிரக்கணக்கான பெண்கள், அலங்கார வண்டிகள், முன்னால் வெள்ளைக் குதிரையில் ஒரு பெண். ஆனால் கறுப்பினப் பெண்கள் வந்தால் தென்மாநில வெள்ளைப் பெண்கள் கோபித்துக்கொள்வார்களே என்று அமைப்பாளர்களுக்குத் தயக்கம். வருவதானால் கடைசியில் வரட்டும் என்ற பேச்சு எழுந்தது. சம உரிமை கேட்கிற ஊர்வலத்திலேயே!

யோசிச்சுப் பாருங்க. உங்களை வேண்டாவெறுப்பா கூப்பிடுற இடத்துக்கு நீங்க போவீங்களா? அந்த 22 பேருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கும். புறக்கணிச்சா, கறுப்பினப் பெண்களுக்கு ஓட்டுல அக்கறை இல்லைன்னு சொல்லிடுவாங்க. போனா, அவமானம் காத்திருக்கு. போனார்கள். கூடவே மேரி சர்ச் டெரலும் நடந்தார். கணவர் அப்போது வாஷிங்டனில் நீதிபதி. கணவரின் பதவிக்குச் சிக்கல் வருமேன்னு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

தெருவின் இருபுறமும் கூடிய ஆண்கள் கூட்டம் ஊர்வலத்துக்குள் புகுந்து கேலி செய்தது, தள்ளியது, துப்பியது. போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. கடைசியில் குதிரைப் படையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சுமார் நூறு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நடந்த எல்லாப் பெண்களுக்குமே இது ஆபத்துதான். ஆனால் ஒரு கறுப்பின மாணவிக்கு அன்று அந்தத் தெருவில் நடப்பதில் இருந்த ஆபத்து ரெண்டு மடங்கு.

மேரி டெல்டாவின் கௌரவ உறுப்பினரானார். அந்த அமைப்பின் உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். பிறகு வெள்ளை மாளிகை வாசலில் ஓட்டுரிமைக்காகப் பெண்கள் மறியல் செய்தபோது, மகள் ஃபிலிஸையும் கூட்டிக்கொண்டு போய்க் குளிரில் நின்றார்.

1920-ல் பெண்களுக்கு ஓட்டு வந்தது. ஆனால் தென்மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது 1965 வரை காகிதத்தில்தான் இருந்தது. இன்னொரு கொடுமை கேளுங்க. தலைநகர் வாஷிங்டனில் குடியிருப்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டுப்போடும் உரிமை 1961-ல்தான் கிடைத்தது. அந்த ஊரிலேயே குடியிருந்த மேரி 1954-லேயே மறைந்துவிட்டார்.

இன்னொரு கதவு

1946-ல், 80 வயதைத் தாண்டிய மேரி, பட்டம் பெற்ற பெண்களுக்கான ஒரு சங்கத்தின் வாஷிங்டன் கிளையில் சேர விண்ணப்பித்தார். அவருக்கு ஓபர்லின் பட்டம் இருக்கு, முதுகலை இருக்கு, 1940-ல் வெளிவந்த சுயசரிதையும் இருக்கு. ஆனாலும் முடியாது என்றார்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

இந்த வயசுல எதுக்கு வம்புன்னு விட்டிருக்கலாம். விடவில்லை. மூணு வருஷம் இழுத்த சண்டை. கடைசியில் 1949-ல் தேசிய அமைப்பு தன் விதியை மாற்றியது. பட்டம் பெற்ற எந்தப் பெண்ணையும் இனத்தைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று முடிவானது. மேரி உள்ளே வந்தார். அதை ஏற்காத பழைய வாஷிங்டன் கிளையினர், சங்கத்தைவிட்டே வெளியேறித் தனி கிளப் வைத்துக்கொண்டார்கள்.

இதையும் டெல்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரெண்டுமே படித்த பெண்களின் அமைப்பு. ரெண்டிலுமே ஒரு குழு பிரிந்து போனது. ஒரு குழு இன்னும் அதிகமான வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளப் பிரிந்தது. இன்னொரு குழு, பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் உட்காரக் கூடாதுன்னு பிரிந்தது.

86 வயதில் ஒரு ட்ரே

1950 ஜனவரியில், மேரி மூன்று நண்பர்களோடு வாஷிங்டனில் உள்ள தாம்சன் ரெஸ்டாரன்ட்டுக்குப் போனார். அவர்களில் ஒருவர் வெள்ளையர். நாமே ட்ரே எடுத்துச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் செல்ஃப் சர்வீஸ் கடை அது. கறுப்பினத்தவருக்குப் பரிமாற மாட்டோம் என்று மேனேஜர் மறுத்தார்.

இதைத்தான் அவர்கள் எதிர்பார்த்துப் போயிருந்தார்கள். உணவகங்கள் இன பேதம் பார்க்கக் கூடாது என்று 1872-லும் 1873-லும் வாஷிங்டனில் சட்டம் போட்டிருந்தார்கள். யாரும் அதை ரத்து செய்யவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தத் தூசி படிந்த சட்டத்தை எடுத்து வழக்கு போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே, மற்ற கடைகளுக்கு எதிரே புறக்கணிப்பும் மறியலும் நடந்தன. வெயிலோ பனியோ, கையில் ஊன்றுகோலோடு மேரி வரிசையில் நின்றார்.

1953 ஜூன் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. அந்தச் சட்டங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. தலைநகரின் உணவகங்கள் கதவைத் திறந்தே ஆக வேண்டும். சில நாட்களில் 89 வயது மேரி அதே தாம்சன் கடைக்குத் திரும்பிப் போய், மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

1954 மே மாதம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பும் வந்தது. அதையும் பார்த்துவிட்டு, ரெண்டு மாதம் கழித்து ஜூலை 24-ம் தேதி 90 வயதில் விடைபெற்றார்.

இன்னிக்கு என்ன ஆச்சு?

டெல்டா இன்று ஐந்து விஷயங்களைத் தன் வேலையாக வைத்திருக்கிறது. பொருளாதார வளர்ச்சி, கல்வி, உலக நடப்பில் ஈடுபாடு, உடல்-மன ஆரோக்கியம், அரசியல் விழிப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஷிர்லி சிஸ்ஹோம் இதன் உறுப்பினர். சிவில் உரிமைப் போராளி டோரத்தி ஹைட் இதன் தேசியத் தலைவராக இருந்தவர். தாய் அமைப்பான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் சும்மா இருக்கவில்லை. 1935 முதல் 1942 வரை மிசிசிப்பி கிராமங்களுக்கு மருத்துவ முகாம்களைக் கொண்டுபோனது. சண்டை போட்டுப் பிரிந்த ரெண்டு கேங்குமே உருப்படியாக வளர்ந்தன!

எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள், வசதியானவர்கள் கிளப் என்ற விமர்சனம் இந்த அமைப்புகள் மீது உண்டு. புதுசா சேருகிறவர்களைப் படுத்தியெடுக்கும் நம்ம ஊர் ராகிங் மாதிரியான பழக்கமும் இருந்தது. 1990-ல் கறுப்பின சொராரிட்டி, ஃபிரட்டர்னிட்டி அமைப்புகள் கூடி, பழைய சேர்க்கை முறையையே நிறுத்த முடிவெடுத்தன. பெண்கள் கூடிவிட்டால் மட்டும் நல்லது தானாக நடந்துவிடாது. கூடியபின் எதுக்காக நேரம் செலவழிக்கிறாங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு.

2013 மார்ச்சில், நூறாண்டு நிறைவுக்காக டெல்டா பெண்கள் மறுபடியும் வாஷிங்டன் தெருக்களில் நடந்தார்கள். இந்த முறை யாரும் அவர்களைக் கடைசியில் வரச் சொல்லவில்லை.

அடுத்த முறை உங்க காலேஜ் குரூப்பைத் திறக்கும்போது, ஒரு நிமிஷம் அந்த 22 பேரை நினைச்சுக்கோங்க. எல்லோரும் ஊர்வலம் போகணும்னு இல்லை. ஜூனியர் ஒருத்திக்கு ஃபீஸ் கட்ட வழியில்லைன்னா, ஹாஸ்டலில் ஒருத்தியை மட்டும் எல்லோரும் ஒதுக்கினா, அந்த குரூப்பில் முதல் மெசேஜ் போடப்போறது யாரு?